'செக்' என்னும் சொல்லின் பூர்வீகம்

தமிழர் நாவில் நாளாந்தம் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'செக்' என்பதைப் போல வேடம் மாற்றும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. வங்கியில் நாம் எழுதிக் கொடுப்பது செக். கட்டம் போட்ட சட்டை செக் சட்டை. வைத்தியர் நமது இரத்த அழுத்தத்தைச் செக் பண்ணுகிறார். விமான நிலையத்தில் பயணப் பொதியைச் செக் இன் செய்கிறோம். சதுரங்கம் ஆடும் சிறுவன் எதிராளியின் அரசனுக்குச் செக் சொல்கிறான். அரசியல்வாதி ஒருவர் தமது போட்டியாளருக்கு 'செக் வைத்தார்' என்று பத்திரிகைக்காரராகிய நாமும் தலைப்பிடுகிறோம். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலும் கொழும்பிலும் வாழ்ந்தவர்களுக்கோ, இச்சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது வீதியின் குறுக்கே கிடந்த செக் பொயின்ட்தான்.

இவை ஓசையால் மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா? அல்லது ஒரே வேரில் கிளைத்தவையா? வேறு பொருளுடைய சொற்கள் காலப்போக்கில் ஒரே ஓசைக்கு வந்து சேர்வது எல்லா மொழிகளிலும் உண்டு. நமது எண்ணெய்ச் செக்கு தனித் தமிழ்ச் சொல். 1908ஆம் ஆண்டு சிறை சென்ற வ.உ. சிதம்பரம்பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்த செக்குக்கும் வங்கிச் செக்குக்கும் எந்த உறவும் இல்லை. ஐரோப்பாவின் செக் நாட்டவர் பெயரும் அம்மக்கள் தம்மை அழைத்துக்கொண்ட இனப்பெயரே. அதற்கும் இக்கதையில் இடமில்லை. ஆனால் முதற் பந்தியில் நான் அடுக்கிய அத்தனை செக்குகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அக்குடும்பத்தின் மூதாதை பாரசீக நாட்டு அரசன் ஒருவன் என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் சொற்பிறப்பு அகராதிகள் சொல்வது அதைத்தான்.

அரசனுக்கு ஓர் எச்சரிக்கை

சதுரங்கம் இந்தியாவில் தோன்றிய விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என நமது இலக்கியங்கள் நாற்படை என்று கூறும் நான்கு அங்கங்களைக் குறிப்பதே 'சதுர் அங்கம்' என்னும் வடமொழிப் பெயர். இது பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் அராபியர் பாரசீகத்தை வென்றபோது நாட்டோடு விளையாட்டையும் எடுத்துக்கொண்டனர். 'ச'கர, 'க'கர ஒலிகள் அவர்கள் நாவுக்கு ஏற்றவாறு திரிய, அது 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஸ்பெயின் வழியாகவும் இத்தாலி வழியாகவும் இவ்விளையாட்டு ஐரோப்பாவை அடைந்தது.

பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் சொல் 'ஷா'. எதிராளியின் அரசனைத் தாக்கக்கூடிய இடத்துக்கு ஒருவர் தமது காயை நகர்த்தினால், 'ஷா!' என்று உரத்துச் சொல்வது வழக்கம். 'உமது அரசன் ஆபத்தில் இருக்கிறான். கவனித்துக்கொள்ளும்' என்பது அதன் கருத்து. அச்சொல் காதில் விழுந்த பின்னர் ஆட்டக்காரர் வேறெந்தக் காரியத்தையும் பார்க்க முடியாது. முதலில் அரசனைக் காத்தாக வேண்டும்.

இந்த 'ஷா' இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும், பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்செக்' என்றும் திரிந்தது. நோர்மன் பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் அது ஆங்கிலத்தினுள் புகுந்தது. அங்கே அதன் பன்மை வடிவம் 'செஸ்' என்று விளையாட்டின் பெயராகியது. ஒருமை வடிவம் 'செக்' என நின்றது. நாம் படையின் பெயரால் சதுரங்கம் என்று அழைக்கும் விளையாட்டை ஆங்கிலேயர் அரசனின் பெயரால் அழைக்கின்றனர். ஜேர்மனியர் 'ஷாக்' என்பதும் ரஷ்யர் 'ஷாக்மத்தி' என்பதும் அரசன் பெயரே. ஸ்பானியரோ 'அஹெத்ரேஸ்' என்று, உருத்தெரியாமல் தேய்ந்த வடிவிலேனும், நமது சதுரங்கத்தை இன்றுவரை காத்து வருகின்றனர்.

'செக்மேட்' என்பதிலும் ஒரு சுவையான குழப்பம் உண்டு. 'ஷா மாத்' என்பதற்கு 'அரசன் இறந்தான்' என்று பொருள் கூறுவோர் பலர். அரபு மொழியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பது உண்மையே. ஆனால் பாரசீக வழக்கில் 'மாத்' என்பது திகைத்து நின்றவனை, வழியற்றுப் போனவனைக் குறிக்கும். அரசன் சாகவில்லை, போக்கிடமின்றி நிற்கிறான். சதுரங்கத்தில் வேறெந்தக் காயும் வெட்டுப்படலாம். அரசன் மட்டும் வெட்டுப்படுவதில்லை என்பதை நோக்கினால் பாரசீகப் பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கட்டம் போட்ட துணியும் அரச கருவூலமும்

இங்கிலாந்தை அடைந்த சொல் அடுத்துப் புகுந்த இடம் வரி அலுவலகம். பிரித்தானியாவின் நிதியமைச்சரை இன்றும் 'சான்சலர் ஒஃப் தி எக்ஸ்செக்கர்' என்றே அழைக்கின்றனர். 2024 ஜூலையில் ரேச்சல் ரீவ்ஸ் அப்பதவிக்கு வந்த முதற் பெண்ணானபோது, அந்தப் பழம் பெயரும் உலகச் செய்திகளில் அடிபட்டது. 'எக்ஸ்செக்கர்' என்றால் சதுரங்கப் பலகை. நிதிக்கும் சதுரங்கத்துக்கும் என்ன தொடர்பு?

முதலாம் ஹென்றி மன்னன் காலம் முதல் இங்கிலாந்தின் அரச கணக்குகள் ஒரு பெரிய மேசையின் மீது தீர்க்கப்பட்டன. 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட அம்மேசை மீது கோடுகள் வரைந்த கறுப்புத் துணி விரிக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போன்றிருந்தமையால் மேசைக்கு அப்பெயர் வந்தது. மேசையின் பெயரே பின்னர் திணைக்களத்தின் பெயராயிற்று. ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டர் காலத்திலும் செப்டெம்பர் இறுதியில் வரும் மிக்கேல் திருநாளிலும், மாவட்டங்களில் வரி திரட்டும் ஷெரிப் என்னும் அதிகாரிகள் இம்மேசையின் முன் வந்து கணக்குக் கொடுக்க வேண்டும். பென்ஸ், ஷில்லிங், பவுண், இருபது, நூறு, ஆயிரம் எனத் துணியில் தனித்தனி நிரல்கள் உண்டு. அதிகாரி செலுத்த வேண்டிய தொகைக்கு ஒரு வரிசையிலும் செலுத்திய தொகைக்கு மறுவரிசையிலும் வில்லைகளை அடுக்குவர். உரோம இலக்கங்களைக் கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடாக இருந்த காலம் அது. எழுத்தறியாத அதிகாரியும் தனது பாக்கி எவ்வளவு என்பதைக் கண்ணால் கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் பிட்ஸ்நீல் 1170களில் எழுதத் தொடங்கிய இலத்தீன் நூலொன்று இம்முறையை விரிவாக விளக்குகிறது. சதுரங்கத்தில் இரு அரசர்கள் பொருதுவது போல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரிப்பும் பொருதுகின்றனர் என்று அவரே ஒப்புமை கூறுகிறார். ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். சதுரங்கத்தில் 'செக்' என்பது அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது. கருவூல மேசையிலோ அரசன் தனது ஊழியரை நோக்கிச் சொல்கிறான். சொல் திசை மாறத் தொடங்கியது இங்கேதான்.

எரிந்துபோன பாராளுமன்றம்

பணம் செலுத்தியதற்குப் பற்றுச்சீட்டு வேண்டுமல்லவா? அக்காலத்தில் அது ஒரு மரக்குச்சி. செலுத்திய தொகைக்கேற்ப அதில் வெட்டுக்குறிகள் இடுவர். ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கையின் தடிப்பு. நூறு பவுணுக்குப் பெருவிரலின் அகலம். இருபது பவுணுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுணுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பின்னர் குச்சியை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைப் பணம் கொடுத்தவரிடமும் மறுபாதியைக் கருவூலத்திலும் வைப்பர். ஐயம் எழுந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். மரத்தின் வரியும் வெட்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் கணக்குச் சரி.

இம்முறையைக் கைவிட 1782இல் சட்டம் இயற்றப்பட்டும் 1826 வரை அது தொடர்ந்தது. எஞ்சிய குச்சிகளை 1834 ஒக்டோபர் 16ஆம் திகதி பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் இட்டு எரித்தனர். குவியல் குவியலாக இட்ட குச்சிகளின் வெப்பத்தால் புகைபோக்கி வழியே தீ பரவி, அன்றிரவே பிரித்தானியப் பாராளுமன்றம் பற்றி எரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமும் வேறு சில பகுதிகளுமே தப்பின. பழையதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்த அதிகாரிகளின் மூடத்தனத்தை நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1855இல் ஆற்றிய உரையொன்றில் எள்ளி நகையாடினார். இன்று இலண்டனில் தேம்ஸ் கரையில் நாம் காணும் கட்டடம் அத்தீயின் பின்னர் எழுந்ததே.

காசோலையும் கட்டச் சட்டையும்

நாம் இலங்கையிலும் தமிழகத்திலும் காசோலை என்று அழகாகப் பெயரிட்டிருக்கும் செக், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தில் புழக்கத்தில் இருந்தது. 400 பவுணுக்கு நிக்கலஸ் வானக்கர் என்பவர் எழுதிய, 1659ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட ஒன்று இன்றும் உள்ளது. ஆனால் அக்காலத்தில் அதற்குச் செக் என்ற பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றது பணச்சீட்டின் அடிக்கட்டையைத்தான். கொடுத்த சீட்டைக் கைவசமுள்ள அடிக்கட்டையோடு ஒப்பிட்டு மோசடியைத் தடுப்பதால் அதற்குச் செக் என்று பெயர். பிளந்த மரக்குச்சி செய்த வேலையைக் கடதாசி செய்தது. காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் சீட்டுக்கே வந்துவிட்டது. ஆங்கிலேயர் கருவூலத்தின் பெயரை ஒத்த எழுத்துக்கூட்டலை வங்கிச் செக்குக்கு ஏற்றுக்கொண்டனர். அமெரிக்கர் எல்லாச் செக்குக்கும் ஒரே எழுத்துக்கூட்டலையே வைத்திருக்கின்றனர்.

அரபு மொழியில் எழுத்து மூலமான உறுதிச் சீட்டைக் குறிக்கும் 'ஸக்' என்பதே வங்கிச் செக்கின் வேர் என்று வாதிடுவோரும் உளர். அராபிய வணிகர் அத்தகைய சீட்டுக்களைப் பயன்படுத்தியது உண்மை. ஆயினும் பெரும்பாலான ஆங்கில அகராதிகள் அடிக்கட்டைக் கதையின் பக்கமே நிற்கின்றன. எவ்வாறாயினும் அந்தச் சீட்டுக்கு அந்திமக் காலம் நெருங்கிவிட்டது. நியூசிலாந்தின் பெரிய வங்கிகள் 2021ஆம் ஆண்டுடன் காசோலையைக் கைவிட்டன. சொல் மட்டும் வேறு வேடங்களில் வாழும்.

செக் சட்டையின் கதை எளிது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் கொண்ட துணி, பலகையின் பெயரால் வழங்கியது. இதில் தமிழருக்கும் ஒரு பங்குண்டு. 'மெட்ராஸ் செக்' என்று உலகம் அறிந்த கட்டத்துணி சோழமண்டலக் கரையின் கைத்தறியில் பிறந்தது. மலாய் நாட்டில் ஆண்கள் உடுத்தும் கட்டச் சாரத்துக்குக் 'கைன் பெலிக்காட்' என்று பெயர்; பெலிக்காட் என்பது அத்துணி கப்பலேறிய பழவேற்காடு. அரசனைக் குறித்த பாரசீகச் சொல் ஆங்கிலம் வழியாக நெசவாளியின் தறியில் வந்து ஒட்டிக்கொண்டது.

தடுத்து நிறுத்துதல்

இனி இச்சொல்லின் கடுமையான முகத்துக்கு வருவோம். சதுரங்கத்தில் செக் சொன்னதும் ஆட்டத்தின் ஓட்டம் திடீரெனத் தடைப்படுகிறது. ஆகவே 14ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் செக் என்பது தடுத்து நிறுத்துவதையும் கட்டுப்படுத்துவதையும் குறித்தது. ஒன்றைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின் அதைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதிலிருந்து 17ஆம் நூற்றாண்டளவில் 'சரிபார்த்தல்' என்ற பொருள் பிறந்தது. தடுத்தலும் சரிபார்த்தலும் ஒரே இடத்தில் கூடும்போது அது சோதனைச்சாவடி ஆகிறது.

உலகின் புகழ்பெற்ற சோதனைச்சாவடி பேர்லினின் 'செக் பொயின்ட் சார்லி'. சார்லி என்பது ஆளின் பெயர் அன்று. ஆங்கில அரிச்சுவடியின் மூன்றாம் எழுத்துக்கு இராணுவத்தார் வழங்கிய குறிப்பெயர் அது. அல்பா, பிராவோ என்ற வேறு இரு சாவடிகளும் இருந்தன. 1961 ஒக்டோபர் 27ஆம் திகதி சார்லியில் அமெரிக்க, சோவியத் டாங்கிகள் நேருக்கு நேர் நின்றபோது உலகம் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. 1990 ஜூன் 22இல் அச்சாவடி அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தில் உல்லாசப் பயணிகள் படமெடுத்துக்கொள்கின்றனர்.

நமது நாட்டுச் சாவடிகளுக்குக் குறிப்பெயர் இருக்கவில்லை. ஓமந்தை, முகமாலை என்று ஊர்ப்பெயர்களே சாவடிப் பெயர்களாயின. 1990களில் கொழும்பிலிருந்து வவுனியா சென்ற பேருந்துகளில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். இறங்குவதும், பையைத் திறந்து காட்டுவதும், அடையாள அட்டையை நீட்டுவதும், நடந்து சென்று மீண்டும் ஏறுவதுமாக அப்பயணம் நீளும். மதவாச்சிக்கு அப்பால் ஒருமுறை, அருகில் இருந்த மூதாட்டி என்னிடம், "தம்பி, இன்னும் எத்தினை செக்கிங் கிடக்கு?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டோ மூண்டோ இருக்கும் அம்மா" என்றேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்திருக்கும். பாடசாலையில் கற்காத இச்சொல்லை அவருக்கு வீதி கற்பித்தது. 'சென்றி', 'பாஸ்', 'ரவுண்ட் அப்' என்பனவும் அவ்வாறே நமது கிராமங்களுக்கு வந்தன. முகத்தை மூடி நின்று ஆளைக் காட்டிக்கொடுப்பவனுக்கு மட்டும் 'தலையாட்டி' என்று தமிழிலேயே பெயர் வைத்தோம்.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் மோதல் வெடித்து அது மீண்டும் மூடப்பட்டது. 2009 மேயில் போர் முடிந்தும் ஓமந்தைச் சாவடி 2015 வரை இருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் நாடெங்கும் சாவடிகள் மீண்டும் முளைத்தன. இம்முறை அவற்றில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்கப்பட்டோரில் முஸ்லிம்கள் பலர். தற்காலிகமானது என்ற பெயரில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, நம் நாட்டில் சோதனைகள் முடிவதற்கு ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது என்பது விளங்கும்.

அரசனைச் செக் பண்ணுவது யார்?

இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அரசியல் விஞ்ஞானத்தில் 'தடைகளும் சமன்பாடுகளும்' என்று நாம் மொழிபெயர்க்கும் தொடரில் முதலில் நிற்பதும் செக் என்ற சொல்லே. அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் கொடுமை விளையும். ஆகவே ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரம் தடுக்க வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் மொன்தெஸ்கியூ 1748இல் எழுதினார். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இக்கொள்கை மீது கட்டப்பட்டது. பாரசீக ஆட்டக்காரர் அரசனை நோக்கிச் சொன்ன எச்சரிக்கை, சுற்றுவழியாகப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

நமது நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தது. ஜனாதிபதியின் அதிகாரத்துக்குக் கடிவாளம் இட 2001இல் 17ஆவது திருத்தம் வந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை அவிழ்த்தது. 2015இல் 19ஆவது திருத்தம் மீண்டும் பூட்டியது. 2020இல் 20ஆவது திருத்தம் மீண்டும் அவிழ்த்தது. 2022இல் 21ஆவது திருத்தம் ஓரளவு பூட்டியது. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து முறை! பேருந்தில் சென்ற மூதாட்டியைச் சோதிப்பதில் இந்த நாடு இப்படித் தடுமாறியதில்லை.

பத்திரிகையாளரின் தொழிலும் ஒருவகையில் இதே சொல்லில் அடங்கும். ஆசிரியபீடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாளாந்தம் என் காதில் விழுந்த கேள்வி, 'செக் பண்ணியாச்சா?' என்பதே. பெயர் சரியா, திகதி சரியா, எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது ஒப்புநோக்குநரின் செக். அமைச்சர் சொன்னது உண்மையா என்று பார்ப்பது நிருபரின் செக். இரண்டாவது வகையைச் செய்தவர்கள் இந்நாட்டில் கொடுத்த விலை பெரிது.

பி.பி.சி.யின் தமிழ், சிங்கள சேவைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு தமது வீட்டில் கொல்லப்பட்டார். ஊரடங்கு அமுலில் இருந்த நேரம்; வீடு இருந்தது உயர் பாதுகாப்பு வலயத்தில்; சுற்றிலும் சோதனைச்சாவடிகள். கொலையாளிகள் வந்தார்கள், போனார்கள். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பின் புறநகரில் பட்டப்பகலில் தாக்கிக் கொல்லப்பட்டார். அன்று கொழும்பு வீதிகளில் சோதனைக்குக் குறைவிருக்கவில்லை. இவ்விரு கொலைகளுக்காகவும் ஆண்டுகள் பல கடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. சாமானியரின் அரிசிப் பையைக் கிளறிப் பார்த்த கைகள் கொலையாளியின் வாகனத்தை மறிக்கவில்லை.

பழைய ஆட்டத்தின் விதி எளிமையானது. 'ஷா!' என்ற குரல் எழுந்தால் அரசன் அதைக் கேட்டாக வேண்டும். சொன்னவரின் வாயை மூடுவது ஆட்டத்தின் விதிகளில் எங்கும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நாடு நாடாக அலைந்து வந்த இச்சொல் கருவூலத்திலும் வங்கியிலும் துணிக்கடையிலும் தங்கிவிட்டுப் போனதில் குறையொன்றும் இல்லை. அரசனை எச்சரிக்கப் பிறந்த சொல், நம் நாட்டில் ஒரு மூதாட்டி அஞ்சும் சொல்லாக மாறியதுதான் கவலைக்குரியது. சாவடியில் நின்றவன் மக்களைப் பார்த்துச் சொன்ன செக்கை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். அரசனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய செக்கை அடுத்த தலைமுறையாவது அச்சமின்றிச் சொல்லப் பழக வேண்டும்.